அந்தச் சாரி என்ன நிறம்?

நேத்து ராவு பதினொண்டரைக்கு என்ட மாமாட மவன் வட்ஸ்அப்புல ஒரு படம் அனுப்பியிருந்தான். லெப்டொப் ஒண்டு. கீபோர்ட் முழுக்க சிவப்பு, பச்சை, ஊதா எண்டு லைட் எரியுது. கல்யாண வீட்டு வாசல்ல கட்டின பல்பு மாலை மாதிரி.

கீழ ஒரு வொய்ஸ்: "காக்கா, நாலு லட்சம் கைல இருக்கு. ஸ்டூடியோ வேலைக்கு இது சரிவருமா? கடைக்காரர் சொல்றாரு, சும்மா பறக்குமாம்."

எனக்கு நித்திரை போயிட்டு.

அவன்ல கோவமில்ல. பத்துப் பதினொரு வருசத்துக்கு முந்தி நானும் இதே கேள்வியத்தான் கேட்டன். எனக்கும் இதே பதில்தான் கிடைச்சிச்சு. பறக்குமாம். எங்க பறக்கப் போற? மூதூருக்கா?

வொய்ஸ்ல விளங்கப்படுத்தப் போனா சுபஹுக்குப் பாங்கு சொல்லிடும். அதால இஞ்ச எழுதுறன். அவனுக்கு லிங்க அனுப்புவன், மத்த ஆக்களும் வாசிக்கட்டும். (வாசிக்கிற ஆக்கள் ஏழெட்டுப் பேர்தான், எனக்குத் தெரியும்.)

புதுசா வாற ஆக்களுக்கு: நான் தோப்பூர்ல ஒரு சின்ன ஸ்டூடியோ வச்சிருக்கன். வாப்பா தொடங்கின கடை. முன்னால மேசை, பின்னால வெள்ளைத் துணி, ரெண்டு லைட், மூலைல ஒரு கொம்பியூட்டர். அவ்வளவுதான் என்ட ராச்சியம்.

மொதல் ஒரு உண்மையச் சொல்லிடுறன். கடைக்குச் சோறு போடுறது கல்யாண அல்பம் இல்ல, ஐடென்டி கார்ட் போட்டோவும் பாஸ்போட் போட்டோவும்தான். ஆள இருத்தி, நாடிய நிமிர்த்தி, "சிரிக்க வேணாம்" எண்டு சொல்லி (ஆரும் சிரிக்கிறதும் இல்ல), எடுத்து, அளவுக்கு வெட்டி, ஒன்லைன்ல ஏத்தி, ரிசீட்டக் குடுத்தா வேலை முடிஞ்சிச்சு. இதுக்கு எந்தக் கொம்பியூட்டரும் போதும். பழைய ஒபிஸ் மெஷின் ஒண்டு, நல்ல இன்டர்நெட், அவ்வளவுதான். உங்கட கடைல இந்த வேலை மட்டும்தான் எண்டா இந்தப் பதிவ இதோட மூடிட்டுப் போய் ஒரு தேத்தண்ணி குடிங்க. காசு மிச்சம்.

கல்யாணம் எடுக்கப் போறன் எண்டாத்தான் பிரச்சினை.

2015ல நான் வாங்கினது வெளிநாட்டு ஒபிஸ்ல கழிச்சு விட்ட டெஸ்க்டொப் ஒண்டு. 4 ஜிபி ரெம். விண்டோஸ் 32 பிட். அதுக்கு அந்த 4 ஜிபியும் முழுசா விளங்காது எண்டது பொறகுதான் தெரிய வந்திச்சு. பாஸ்போட் போட்டோவுக்கு ராசா மாதிரி ஓடிச்சு. மொதல் கல்யாண அல்பம் வந்த நாள்தான் அதுக்கு மூச்சு வாங்கிச்சு.

ஒரு கணக்குப் பாப்பம். அல்பத்துல விரிச்ச பக்கம் ஒண்டு 12க்கு 36 இஞ்சி. இஞ்சிக்கு 300 புள்ளி. அப்ப 3,600 தர 10,800. மூணு கோடியே எம்பத்தெட்டு லட்சத்தி எம்பதாயிரம் புள்ளி! ஒரு புள்ளிக்கு சிவப்பு, பச்சை, நீலம் எண்டு மூணு பைட். ஒரு லேயருக்கு மட்டும் ஏறத்தாழ 117 எம்பி. அதுக்கு மேல பொண்ணு ஒரு லேயர், மாப்பிள்ள ஒரு லேயர், பின்னால மங்கலா ஒரு பூ, ஓரத்துல தங்க டிசைன் (வேணாம் எண்டு சொன்னா கேக்க மாட்டாங்க), நிழல், எழுத்து... பத்து லேயர் வந்தா ஒரு ஜிபி தாண்டிச்சு. இது லேயர்களுக்கு மட்டும். நாம பிழை செஞ்சா திரும்பிப் போறதுக்கு போட்டோஷொப் பழசையும் நினைவுல வச்சிருக்கும். அதுக்கும் இடம் வேணும்.

ரெம் முடிஞ்சா அது ஹாட் டிஸ்க்க ரெம் மாதிரிப் பாவிக்கத் தொடங்கும். ஸ்க்ரெச் டிஸ்க் எண்டு சொல்றது அதத்தான். பழைய சுத்துற ஹாட் டிஸ்க்ல இது நடந்தா உள்ள ஆரோ சுண்டல் வறுக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் இன்னும் என்ட காதுல நிக்கிது. ஒரு பக்கம் சேவ் பண்ணக் குடுத்துட்டு அசர் தொழுதிட்டு வருவன். வந்து பாத்தா "ஸ்க்ரெச் டிஸ்க் நிரம்பிட்டு" எண்டு ஒரு பெட்டி நடுவுல நிக்கும்.

தம்பி, உனக்கு: 16 ஜிபி எண்டா சமாளிக்கலாம். 32 எண்டா நிம்மதி. இப்ப வாங்கப் போறது கெட்ட நேரம் எண்டதும் உண்மை. 2025 கடைசில இருந்து ரெம் விலை ஏறிக்கொண்டே போகுது. ஏஐ கம்பனிகள் டேட்டா சென்டருக்கு எண்டு மெமரி முழுக்க அள்ளுது. டிசம்பர்ல மைக்ரோன் கம்பனி, குருஷல் எண்ட பேர்ல சாதாரண ஆக்களுக்கு வித்து வந்த வியாபாரத்தயே நிப்பாட்டப் போறதாச் சொல்லிட்டு. ஆரோ ஒருத்தர் ஏஐட்ட கவிதை எழுதச் சொன்னதுக்கு தோப்பூர்ல நான் ரெம்முக்குக் கூடக் காசு குடுக்கணும். என்ன உலகம் இது.

சரி. 2019. கொஞ்சம் காசு சேந்திச்சு. ஒரு லெப்டொப் வாங்கினன். கேமிங் லெப்டொப். (லைட்? எரிஞ்சிச்சு. சிவப்பு. நானும் மனிசன்தானே.)

அது உண்மையாவே பறந்திச்சு. எஸ்எஸ்டி, நல்ல ப்ரொசெசர், நல்ல கிரபிக்ஸ் கார்ட். 2,000 படம் உள்ள ஒரு கல்யாணம், ரோ பைலா ஐம்பது அறுபது ஜிபி வரும், அத லைட்ரூம்ல போட்டு விறுவிறெண்டு தட்டிக்கொண்டு போகலாம். நான் ஒரு கிழமை சந்தோசத்துல மிதந்தன்.

பொறகு ஒண்டக் கவனிச்சன். கதிரைல நிமிர்ந்து இருந்தா மாப்பிள்ளைட முகம் வெளுக்கும். கொஞ்சம் சரிஞ்சு இருந்தா கறுக்கும். மாப்பிள்ள அப்பிடியே அசையாமத்தான் இருக்காரு, ஆடுறது நான். டீஎன் பெனல் எண்டு சொல்ற ஸ்கிரீன் அது. கேம் விளையாடுற ஆக்களுக்கு வேகம் வேணும், நிறம் முக்கியமில்ல, அவங்களுக்கு அது நல்லம். எனக்கு? ஆள் எந்த நிறம் எண்டு தீர்மானிக்கிறது என்ட முதுகெலும்பு.

நான் செஞ்ச மடத்தனம் என்னண்டா, பழகிடும் எண்டு விட்டது. கழுத்த ஒரே இடத்துல வச்சிக்கொண்டு மூணு மாசம் வேலை செஞ்சன். பின்னேரத்துல கழுத்துக்குக் கோடாலித் தைலம்.

அந்த மூணு மாசத்துக்குள்ள வந்ததுதான் அந்தச் சாரிக் கதை.

கல்யாணம் நல்லா நடந்திச்சு, அல்பமும் வடிவா வந்திச்சு எண்டு நான் நினைச்சன். குடுத்து ரெண்டாம் நாள் பொண்ணுட உம்மா கடைக்கு வந்தா. கைல ஒரு சொப்பிங் பேக். சண்டைக்கு வந்த முகமில்ல. மேசைல அல்பத்தத் திறந்து வச்சா. பேக்குக்குள்ள இருந்து சாரிய எடுத்து, மடிப்பு கலையாம அல்பத்துக்குப் பக்கத்துல வச்சா.

"மகன், இது என்ன நிறம்?"

"மெரூன், சாச்சி."

அல்பத்துல விரல வச்சா. "இது?"

நான் ஒண்டும் பேசல்ல.

"என்ட மகளுக்கு நாங்க பீட்ரூட் நிறத்துல சாரி எடுக்கல்ல மகன்."

பக்கத்துல மாப்பிள்ளைட வெள்ளைச் சேட்டப் பாத்தா அது பழைய பேப்பர் மாதிரி மஞ்சள். அத அவ சொல்லவே இல்ல. மாப்பிள்ள வீட்டு ஆக்கள் வந்து சொல்லட்டும் எண்டு விட்டிருப்பா போல.

நான் செஞ்ச மொதல் வேலை, எல்லாரும் செய்ற வேலைதான். அல்பத்த பிரிண்ட் அடிச்சுத் தந்த லெப் மேல பழி போட்டன். "பிரிண்ட்ல பிழை சாச்சி, நான் கதைக்கிறன்." அடுத்த நாள் கிண்ணியா பாலம் தாண்டி திருகோணமலைக்குப் போய் (அந்தப் பாலம் 2009ல திறக்கும் வரைக்கும் அதுல பாதைலதான் (ஃபெரி) ஏறிக் கடக்கணும், சண்டைக்குப் போறதுக்குக் கூட அரை நாள் வேணும்) லெப்காரரோட சத்தம் போட்டன். அவர் ஒண்டும் சொல்லாம என்ட பைல அவர்ட மொனிட்டர்ல திறந்தாரு.

பீட்ரூட்.

அவர் அடிச்சது நான் குடுத்த நிறத்தத்தான். பிழை என்ட ஸ்கிரீன்ல. எப்பிடி எண்டா, என்ட ஸ்கிரீன் கொஞ்சம் நீலமாக் காட்டும். வெள்ளைச் சேட் நீலமாத் தெரிஞ்சிச்சா, நான் மஞ்சளக் கூட்டினன். அந்த ஸ்கிரீனுக்கு ஆழமான சிவப்பு காட்ட ஏலாது, மெரூன் செத்துப் போய்த் தெரிஞ்சிச்சா, நான் சிவப்ப ஏத்தோ ஏத்தெண்டு ஏத்தினன். ஸ்கிரீன் பொய் சொல்லிச்சு. நான் அந்தப் பொய்யத் திருத்தித் திருத்தி, சரியா இருந்த படத்தக் கெடுத்தன்.

எல்லாப் பக்கமும் திரும்ப அடிச்சுக் குடுத்தன். என்ட காசுல. அந்தக் கல்யாணத்துல எனக்கு மிஞ்சினது வலீமாச் சாப்பாடு மட்டும்தான்.

அண்டைக்கு ராவுதான் லெப்டொப்ட விபரத்த ஒழுங்கா வாசிச்சன். ப்ரொசெசருக்கு பத்து வரி. கிரபிக்ஸ் கார்டுக்கு பத்து வரி. ஸ்கிரீனுக்கு ஒரு வரி: "45% என்டிஎஸ்சி". என்டிஎஸ்சி எண்டது 1953ல அமெரிக்கால கலர் டீவிக்கு வச்ச கணக்கு. இப்ப நாம பாவிக்கிறது எஸ்ஆர்ஜிபி, 1996ல எச்பியும் மைக்ரோசொப்டும் சேந்து செஞ்சது. நம்மட பக்கத்து லெப்புகள் கேக்கிறதும் அதத்தான். 45% என்டிஎஸ்சி எண்டா எஸ்ஆர்ஜிபில மூணுல ரெண்டு பங்கு கூட வராது. பத்து நிறப் பென்சில் இருக்கிற பெட்டில நாலக் களவு குடுத்துட்டு வரையிற மாதிரி. மெரூன் அந்த நாலுக்குள்ள போயிட்டு.

தம்பி, இந்தப் பதிவுல இருந்து ஒண்டே ஒண்ட எடுக்கிறண்டா இத எடு: கடைல மொதல் கேள்வி ஸ்கிரீன். டீஎன் இல்லாம ஐபிஎஸ் பெனலா? எஸ்ஆர்ஜிபி நூறு வீதம் வருமா? இந்த ரெண்டுக்கும் பதில் தெரியாத கடைக்காரர் "பறக்கும்" எண்டு சொன்னா சலாம் சொல்லிட்டு வெளிய வா.

இப்ப நான் வச்சிருக்கிறது டெஸ்க்டொப்பும் தனி மொனிட்டரும். அசுஸ் ப்ரோஆர்ட், 24 இஞ்சி. பாக்கிறதுக்கு ஒரு அலங்காரமும் இல்ல, கறுப்புப் பலகை. கொம்பியூட்டர்ட உள்சாமான்ல காசக் குறைச்சு மொனிட்டருக்குப் போட்டன். கடைக்கு வாற பொடியன்மார் "இதுக்கா காக்கா இவ்வளவு காசு" எண்டு கேப்பாங்க.

மொனிட்டர் வாங்கினா மட்டும் போதுமா? போதாது. என்ட கடைக் கதவு தெருவப் பாத்தது. பகல் பன்னிரண்டு மணிக்கு திருகோணமலை மாவட்டத்து வெயில் நேரா உள்ள வந்து மேசைல குந்தும். வெளிச்சத்துக்கு ஸ்கிரீன் மங்கலாத் தெரியும், நான் பிரைட்னஸ்ஸ நூறுக்கு ஏத்துவன், படம் பளிச்செண்டு இருக்கும், பிரிண்ட் வந்தா எல்லாரும் மஹ்ரிப் நேரத்துல நிண்டு போட்டோ எடுத்த மாதிரி இருட்டா இருப்பாங்க. இதுக்கு மருந்து நூத்தம்பது ரூபாத் துணில ஒரு திரை. கதவுப் பக்கம் தொங்க விட்டன். கொம்பியூட்டருக்கு நான் போட்ட காசுலயே மிச்சம் பிரயோசனமானது அந்தத் திரைதான்.

பொறகு நிறம் அளக்கிற கருவி. ஸ்பைடர் எண்டு பேர். ஸ்கிரீன்ல எலி தொங்கிற மாதிரித் தொங்கிக்கொண்டு சிவப்பு, பச்சை, நீலம், சாம்பல் எண்டு மாறி மாறி வாறத அளந்து ஸ்கிரீனத் திருத்தும். தனிய வாங்கினா விலை கூட. நாங்க மூணு ஸ்டூடியோ சேந்து ஒண்டு வாங்கினம். மாசத்துக்கு ஒருக்கா மோட்டச்சைக்கிள்ல சுத்தி வரும். தொழில்ல நாங்க மூணு பேரும் போட்டிக்காரங்க. எலி விசயத்துல மட்டும் சொந்தக்காரங்க.

இதுக்கு இடைல இன்னொரு மடத்தனமும் செஞ்சன், அதையும் சொல்லிடுறன். யூடியூப்ல ஒருத்தர் அடோபி ஆர்ஜிபி தான் பெரிசு, நிறம் கூட எண்டு சொன்னாரு. கெமராவ அதுக்கு மாத்தினன். லெப்ட மெஷின் எல்லாத்தையும் எஸ்ஆர்ஜிபி எண்டே நினைச்சு அடிச்சிச்சு. ஆக்கள் எல்லாரும் ஒரு கிழமை காச்சல்ல கிடந்து எழும்பின மாதிரி வந்தாங்க. திரும்ப எஸ்ஆர்ஜிபி. பெரிசு எண்டதெல்லாம் நமக்குப் பெரிசில்ல.

கிரபிக்ஸ் கார்ட் வேணுமா? முந்தி கேட்டிருந்தா பெரிசா வேணாம் எண்டுதான் சொல்லியிருப்பன். 2023 ஏப்ரல்ல லைட்ரூம்ல ஏஐ டீநொய்ஸ் வந்திச்சு. ராவைல, மங்கல் லைட்ல எடுத்த படங்கள்ல மணல் தூவின மாதிரி புள்ளி புள்ளியா இருக்குமே, அதத் துடைச்சி எடுக்கும். அது கூடுதலா கிரபிக்ஸ் கார்ட்ல ஓடுற வேலை. கார்ட் இல்லாம செஞ்சு பாத்தன், ஒரு படத்துக்கு ஆறேழு நிமிசம். நூறு படத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்க. இப்ப நடுத்தரமான கார்ட் ஒண்டு போட்டிருக்கன், அரை நிமிசத்துக்குள்ள வருது. நடுத்தரம் போதும். மேல போறது கேம்காரங்கட பெருமை.

"அப்பிள் வாங்கச் சொல்றாங்களே" எண்டும் தம்பி கேட்டான். 1990ல போட்டோஷொப் வந்தப்போ மெக்ல மட்டும்தான் ஓடிச்சு, அதால பழைய ஆக்களுக்கு போட்டோ எண்டா மெக். இப்பயும் அதுட ஸ்கிரீன்ல குறை சொல்ல ஏலாது. 2020ல எம்1 வந்த பொறகு கரண்டும் கொஞ்சமாத்தான் குடிக்கிது. ஆனா ரெம்ம வாங்கிற அண்டைக்கே தீர்மானிக்கணும், பொறகு கூட்ட ஏலாது. பழுதானா? எங்கட ஊர்ல எனக்குத் தெரிஞ்சு மெக்கத் திறக்கிற ஆள் இல்ல. என்ட டெஸ்க்டொப் பழுதானா சாரனோட இருந்து நானே திருத்துவன்.

போன மாசம் அப்பிடித்தான். பவர் சப்ளைல ஒரு வெடிச் சத்தம், பொறகு கருகின மணம். திறந்து பாத்தா பல்லி. குளிருக்குச் சூடு தேடி உள்ள போயிருக்கு, பாவம். காஞ்சு ஒட்டிக் கிடந்திச்சு. எந்தக் கம்பனிட விபரத்துலயும் பல்லியப் பத்தி எழுதியிருக்க மாட்டாங்க. பின்னால உள்ள ஓட்டைகளுக்கு நுளம்பு வலை வெட்டி ஒட்டியிருக்கன். ரெண்டு கிழமைக்கு ஒருக்காத் தூசி தட்டணும், நெல்லு வெட்டுற காலத்துல அதுக்கும் கூட.

லெப்டொப்பையும் நான் முழுசா ஏசல்ல. 2022ல அது இல்லாட்டி கடை மூடியிருக்கும். மார்ச்ல 13 மணித்தியாலம் கரண்ட் இல்ல. டெஸ்க்டொப் சும்மா தூங்கும், லெப்டொப்ல ரெண்டு மணித்தியாலம் இழுக்கலாம். டொலர் 200 ரூபால இருந்து மே மாசம் 360 தாண்டிச்சு. அண்டைக்கு வாங்காத சாமான் நாளைக்கு ஒண்டரை மடங்கு. வெளிய போய்ப் படம் எடுக்கிற, வீட்ல இருந்தும் வேலை செய்ற ஆள் எண்டா லெப்டொப் வாங்கலாம். வீட்ல ஒரு நல்ல மொனிட்டர் வச்சு, நிறம் திருத்திற வேலைய அதுல மட்டும் செய்யணும். டெஸ்க்டொப் எண்டா யூபிஎஸ் இல்லாம வாங்க வேணாம்.

இன்னும் ஒண்டு, படத்தப் பாதுகாக்கிற விசயம். இதுக்கும் வேகத்துக்கும் சம்பந்தமில்ல.

வாப்பா நெகட்டிவ் எல்லாத்தையும் பிஸ்கட் டின்ல போட்டு வச்சிருந்தாரு. 2006ல மாவிலாறு மதகப் பூட்டினதுல தொடங்கின சண்டை, ஓகஸ்ட்ல எங்கட பக்கம் வந்திச்சு. கந்தளாய்க்கு ஓடினம். எனக்கு பன்னிரண்டு வயசு. திரும்பி வந்தப்போ டின் இருந்திச்சு, மூடி இல்ல. மழைத் தண்ணி போய் நெகட்டிவ் ஒண்டோட ஒண்டு ஒட்டி, செங்கல் மாதிரிக் கட்டியாக் கிடந்திச்சு. வாப்பா ஒவ்வொண்டாப் பிரிக்கப் பாத்தாரு. பிரிஞ்சதுல படம் இல்ல.

2025 நவம்பர்ல டித்வா புயலுக்கு அதே மாவிலாறு அணைக்கட்டு உடைஞ்சிச்சு எண்டு செய்தி வந்த நேரம் நான் கடைக்குத்தான் ஓடினன். டெஸ்க்டொப் கீழ, நிலத்துல. அதத் தூக்கி மேசைல வச்சு, ரெண்டு ஹாட் டிஸ்க்கையும் சொப்பிங் பேக்ல சுத்தி வீட்டுக்குக் கொண்டு போனன். கடைக்குள்ள தண்ணி வரல்ல, அல்ஹம்துலில்லாஹ். இப்ப டிஸ்க் ஒண்டு கடைல, ஒண்டு ராத்தா வீட்டு அலுமாரிக்குள்ள. அல்பமாக் குடுத்து முடிஞ்ச படங்கள் ஒன்லைன்லயும் கிடக்கு. கொம்பியூட்டரும் இனி மேசை மேலதான். காத்தாடிச் சத்தம் காதுக்குள்ள கேக்குது, பரவால்ல.

இதையெல்லாம் சுருக்கி இண்டைக்குக் காலைல தம்பிக்கு வொய்ஸ் போட்டன். அந்தச் சாச்சி காட்டித் தந்த வழியத்தான் சொன்னன்: லெப்ல அடிச்ச, உனக்குப் பிடிச்ச போட்டோ ஒண்ட எடு. அதே போட்டோட பைல பென் டிரைவ்ல போடு. கடைக்குப் போய் பைல ஸ்கிரீன்ல திறந்து, பேப்பரப் பக்கத்துல பிடிச்சிப் பாரு. வெள்ளை வெள்ளையா இருக்கா, தோல் தோல் மாதிரி இருக்கா எண்டு பாரு. தலைய அங்கயும் இஞ்சயும் ஆட்டிப் பாரு. வெக்கப்படாத.

பொடியன் உடனேயே திருகோணமலைக்கு பஸ் ஏறிட்டான். பின்னேரம் மூணு மணிக்கு வொய்ஸ் வந்திச்சு.

"காக்கா, பென் டிரைவ் போட விட மாட்டாராம். வைரஸ் வருமாம். தலைய ஆட்டிப் பாத்தன், சுகமில்லையா எண்டு கேட்டு கதிரை போட்டுத் தந்தாரு."

நாளைக்கு லெப்புக்கு அல்பம் ஒண்டு கொண்டு போற வேலை இருக்கு. அப்பிடியே அந்தக் கடைக்கும் ஒருக்காப் போகணும். போட்டோவ போன்ல இருந்து கேபிள் போட்டுக் காட்டச் சொல்லிக் கேட்டுப் பாப்பம். அதுவும் வைரஸ் எண்டாரெண்டா, கடை வாசல் வெளிச்சத்துல பேப்பர மட்டும் பிடிச்சிக்கொண்டு நிப்பம்.